டிரினிடாடா, டொபேகோவா: பத்து நாளை எப்படிப் பிரிப்பது?

கரீபியனில் ஒரே ஒரு நாட்டைத்தான் பார்க்க முடியும் என்றால் எங்கே போகலாம் என்று கேட்பவர்களிடம் நான் டிரினிடாட் அண்ட் டொபேகோவைச் சொல்வேன். சொன்னதும் அடுத்த கேள்வி வந்துவிடும்: ஒரு நாடு, இரண்டு தீவு, எதில் தங்குவது? படங்களைப் பார்த்தவர்கள் டொபேகோ என்கிறார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் டிரினிடாட் என்கிறார்கள். நான் இரண்டு முறை போய் வந்திருக்கிறேன். முதல் முறை நானும் மனைவியும் மட்டும். இரண்டாம் முறை எழுபது வயது அம்மாவும் ஒன்பது வயது மகளும் கூட வந்தார்கள். இரண்டு தடவையும் நாள்களை வேறு வேறு மாதிரி பிரித்தோம், இரண்டு தடவையும் சில தப்புகள் செய்தோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்து இரவு இருந்தால் முதலில் டிரினிடாடில் ஐந்து, அப்புறம் டொபேகோவில் நான்கு, கடைசி இரவு மறுபடி டிரினிடாடில். மொத்தமே நான்கைந்து நாள்தான், கூடச் சின்னக் குழந்தை இருக்கிறது என்றால் டிரினிடாடை விட்டுவிட்டு நேராக டொபேகோ. ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

டிரினிடாட் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர், டொபேகோ 300 தான். நாட்டில் ஏறக்குறைய 14 லட்சம் பேர், அதில் டொபேகோவில் இருப்பவர்கள் 60,000 அளவில். டிரினிடாட் வெனிசுவேலாவின் கரையை ஒட்டி, மிகக் கிட்டத்தில் 11 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. எண்ணெயும் எரிவாயுவும் அதற்குச் சோறு போடுகின்றன. அதனால் சுற்றுலாப் பயணியை நம்பி அந்த ஊர் நடப்பதில்லை. விமான நிலையத்தில் மாலை போட்டு வரவேற்க ஆள் இல்லை, கடற்கரையில் வரிசையாகச் சாய்வு நாற்காலி இல்லை. ஆபீஸ், டிராஃபிக், பள்ளிக்கூடம், சந்தை என்று அவர்கள் பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள், நாம் நடுவில் போய் நிற்கிறோம். எனக்குப் பிடித்ததே அதுதான். டொபேகோ வேறு. அங்கே விடுதி, படகு, கடற்கரை எல்லாம் வருகிறவர்களுக்காகவே தயாராக இருக்கின்றன. களைத்துப் போய் ஓய்வுக்கு வருகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிய விஷயம்.

சாப்பாடு

இதில் டிரினிடாடுக்குப் பக்கத்தில் டொபேகோ வர முடியாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை வைத்தே முடிவெடுக்கலாம்.

காலை ஆறரை மணிக்குக் கியூரிப் சந்தியில் இறங்கினோம். ரோட்டோரம் ஒரு சின்ன மேசை, அதன்மேல் துணி விரித்த பெட்டி, பக்கத்தில் ஆவி பறக்கும் கொண்டைக்கடலைப் பாத்திரம். இதுதான் டபுள்ஸ். மஞ்சள் சேர்த்த மாவில் பொரித்த, மெத்தென்ற சின்ன ரொட்டிக்கு 'பாரா' என்று பெயர். ஒரு தாளின் மேல் இரண்டு பாராவை ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறினாற்போல் வைத்து, கடலைக் கறியை ஒரு கரண்டி ஊற்றி, வெள்ளரித் துருவல், புளிச் சட்னி எல்லாம் போட்டு, தாளின் இரண்டு முனையையும் ஒரு முறுக்கு முறுக்கிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். நான் எண்ணிப் பார்த்தேன், ஒரு பொட்டலத்துக்குப் பத்து விநாடிகூட ஆகவில்லை. நடுவில் ஒரே ஒரு கேள்வி: மிளகாய் எவ்வளவு? "ஸ்லைட்" என்றால் கொஞ்சம். காரம் நமக்குப் பழகினதுதானே என்று கூட்டிக் கேட்டுவிடாதீர்கள். உலகத்தின் மிகக் காரமான மிளகாய்களில் ஒன்றான மொருகா ஸ்கார்பியன் இந்தத் தீவில் விளைகிறது. முதல் நாள் 'ஸ்லைட்' சொல்லிப் பாருங்கள், அப்புறம் உங்கள் இஷ்டம். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு, எத்தனை சாப்பிட்டோம் என்று நாமே கணக்குச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். எங்களோடு வரிசையில் வங்கி ஊழியர் இருந்தார், கொத்தனார் இருந்தார், சீருடையில் பள்ளிப் பையன்கள் இருந்தார்கள்.

மதியத்துக்கு ரொட்டிக் கடைகள். தால்பூரி என்றால் உள்ளே பட்டாணிப் பருப்புப் பொடி தூவிய பெரிய ரொட்டி. 'பஸ் அப் ஷட்' என்பது நம் கொத்தாத பரோட்டாவைக் கிழித்துப் போட்ட மாதிரி இருக்கும், கிழிந்த சட்டை என்று பொருள். கூடவே உருளைக்கிழங்கு, பூசணி, கத்தரிக்காய், 'போடி' என்று ஒரு காய். சந்தையில் அந்தப் போடியைப் பார்த்ததும் அம்மா கையில் எடுத்து ஒடித்தே பார்த்துவிட்டார். நம் நீளப் பயத்தங்காய்தான். விற்ற அம்மாள் சிரித்துவிட்டு, அதை எப்படிச் சமைப்பது என்று கையால் காட்ட, அம்மா தேங்காய் துருவுவதைக் கையால் காட்ட, இருவரும் கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பேசியது அடுத்தவருக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது.

டொபேகோவில் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள். அங்கே பேர் போனது நண்டும் டம்ப்ளிங்கும். ஸ்டோர் பே கடற்கரையில் வரிசையாக இருக்கும் சின்னக் கடைகளில் பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். நண்டு, மீன் சாப்பிடுகிறவர்களுக்கு அது விருந்து. அம்மாவுக்கு நான்கு நாளும் சோறு, அவரை, வாழைப்பழம், வேகவைத்த கிழங்கு என்றுதான் போனது. சமையலறை உள்ள அறையாக எடுத்திருந்தால் அந்தக் கஷ்டமே இருந்திருக்காது. சைவக்காரர்கள் டொபேகோவில் கட்டாயம் அடுப்புள்ள அறையாகப் பாருங்கள், பருப்பும் மசாலாவும் டிரினிடாடிலேயே வாங்கிக்கொண்டு போங்கள்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது

டிரினிடாடில் இந்திய வம்சாவளியினர் 35 சதவீதம் அளவில் இருக்கிறார்கள். 1845 மே 30 அன்று ஃபேட்டல் ரசாக் என்ற கப்பல் கல்கத்தாவிலிருந்து முதல் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியது. ஒப்பந்தக் கூலி முறை 1917-ல் முடியும் வரை ஒன்றேகால் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெரும்பாலோர் போஜ்புரி பேசும் பகுதியினர். சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களை 'மதராசி' என்றார்கள். மொழி போய்விட்டது. மூன்சாமி, ராம்சாமி என்று குடும்பப் பெயர்களாக மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாரியம்மனையும் காளியையும் கும்பிடுகிற வழக்கமும் சில கோயில்களில் தொடர்கிறது. இதற்காகவே போக வேண்டும் என்று சொல்லமாட்டேன். ஆனால் போனால் வாட்டர்லூ கடல் கோயிலுக்குப் போகாமல் திரும்பாதீர்கள்.

சிவதாஸ் சாது என்ற கரும்புத் தோட்டத் தொழிலாளி, சர்க்கரைக் கம்பெனியின் நிலத்தில் ஒரு சின்னக் கோயில் கட்டினார். 1952-ல் அதை இடித்துவிட்டு, அத்துமீறிக் கட்டியதாக அவரைச் சிறையில் போட்டார்கள். வெளியே வந்தவர், நிலம்தானே உங்களுடையது என்று கடலுக்குள் கட்ட ஆரம்பித்தார். அலை வற்றும் நேரம் பார்த்து, சைக்கிளிலும் வாளியிலும் கல்லையும் மண்ணையும் சுமந்து கொட்டி, வருஷக்கணக்காகத் தனியாளாக வேலை செய்தார். இப்போது இருக்கும் கோயில் 1995-ல் அரசு எடுத்துக் கட்டியது. தரையிலிருந்து அதற்குப் போகும் நடைபாதையில் இரண்டு பக்கமும் பூஜைக் கொடிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அம்மா பாதி வழியிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமே கரோனி சதுப்பு நிலத்துக்குப் போய்விடலாம், இரண்டும் மேற்குக் கரையில்தான். நான்கு மணிவாக்கில் படகு கிளம்பும். அலையாத்திக் காட்டின் கால்வாய்களில் ஊர்ந்து போய் ஒரு திறந்த நீர்ப்பரப்பில் நிறுத்துவார்கள். சூரியன் இறங்க இறங்க சிவப்பு அரிவாள் மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து எதிரே உள்ள மரங்களில் அடையும். அரை மணி நேரத்தில் பச்சை மரம் சிவப்பாகிவிடும். கொசு மருந்தும் ஒரு தொலைநோக்கியும் கையில் இருக்கட்டும். லா பிரேயாவில் இருக்கும் தார் ஏரி, அதாவது இயற்கையாகவே நிலக்கீல் ஊறிக் கிடக்கும் ஏறக்குறைய நூறு ஏக்கர் பரப்பு, ஆர்வம் உள்ளவர்களுக்குத்தான். என் மகளுக்குப் பிடித்தது, மனைவிக்கு வெயில்தான் ஞாபகம் இருக்கிறது.

இரண்டு பயணத்திலும் நான் பார்த்தவற்றில் முதலிடம் ஏழுவரி ஆமைக்குத்தான் (ஆங்கிலத்தில் லெதர்பேக்). மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை வடகிழக்குக் கரையில் மத்துரா, கிராண்ட் ரிவியேர் இரண்டிலும் ஆமைகள் முட்டையிட ஏறுகின்றன. அந்த மாதங்களில் அங்கே போக அனுமதிச் சீட்டு வேண்டும், வழிகாட்டி கூட இருக்க வேண்டும். உள்ளூர்க்காரர்களே காவல் காக்கிறார்கள். ஒரு காலத்தில் ஆமையை வெட்டிய கிராமங்கள் இவை. இரவு பத்து மணிக்குக் கும்மிருட்டில் நின்றோம். டார்ச், கேமரா ஃபிளாஷ் எதுவும் கூடாது, வழிகாட்டியின் கையில் மட்டும் ஒரு சிவப்பு விளக்கு. முதலில் பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அப்புறம்தான் தெரிந்தது, நான் பாறை என்று நினைத்துப் பக்கத்தில் நின்றதே ஆமை. ஆறடி நீளம் இருக்கும். பின்னங்கால் துடுப்பை நம் உள்ளங்கை மாதிரிக் குவித்து, ஒரு கை மண்ணை அள்ளி ஓரமாக வைக்கும், உடனே அடுத்த காலால் மிச்ச மண்ணைத் தட்டிவிடும். தன் கண்ணால் பார்க்க முடியாத குழியை இவ்வளவு நிதானமாகத் தோண்டுவதைப் பார்த்து மகள் என் கையைப் பிடித்த பிடியை விடவே இல்லை. முட்டையிட ஆரம்பித்த பிறகுதான் கிட்டே போக விட்டார்கள். முட்டை ஒவ்வொன்றும் வெள்ளையாக, டேபிள் டென்னிஸ் பந்தைவிடப் பெரிதாக இருந்தது.

கிராண்ட் ரிவியேரில் ஆமைகள் ஏராளம், ஆனால் தலைநகர் போர்ட் ஆஃப் ஸ்பெயினிலிருந்து மூன்று மணி நேரம் வளைவு வளைவான ரோடு, ஓர் இரவு தங்கியே ஆக வேண்டும். மத்துரா கிட்டத்தில் இருக்கிறது, பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பலாம். வயதானவர்கள் கூட இருந்தால் கிராண்ட் ரிவியேரில் கடற்கரையை ஒட்டியே அறை எடுங்கள், ஆமை வந்ததும் வந்து எழுப்புவார்கள். டொபேகோவிலும் கிரேட் கோர்லண்ட் விரிகுடாவில் ஆமைகள் ஏறும், எண்ணிக்கை குறைவு.

சரி, டொபேகோ. கடல் என்று வந்துவிட்டால் போட்டியே கிடையாது. டிரினிடாடின் மராக்காஸ் கடற்கரை அழகுதான், ஆனால் அலையும் உள்ளிழுப்பும் பலமாக இருக்கும். சிவப்புக் கொடி பறந்தால் காலைக்கூட நனைக்காதீர்கள். கிழக்குக் கரையில் அட்லாண்டிக் இன்னும் முரடு. டொபேகோவின் தென்மேற்கு முனையில் கடல் அடங்கிக் கிடக்கிறது. பிஜன் பாயிண்டில் ஒன்பது வயதுக் குழந்தையை நம்பி விடலாம். புக்கூ பவளப்பாறைக்குக் கண்ணாடி அடித்தளப் படகில் போகிறபோது நைலான் பூல் என்ற இடத்தில் நிறுத்துவார்கள். சுற்றிலும் கடல், நடுவில் இடுப்பளவு தண்ணீர், கீழே வெள்ளை மணல். நீந்தத் தெரியாத அம்மா வாழ்க்கையில் முதல்முறை நடுக்கடலில் நின்றார். பவளத்தின் மேல் யாரும் கால் வைக்க வேண்டாம். அங்கே ஏற்கனவே நிறைய சேதமாகிவிட்டது, இன்னும் சில படகுக்காரர்கள் ரப்பர் செருப்பைக் கொடுத்து இறங்கச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள்.

தீவின் முதுகெலும்பாக ஓடும் மெயின் ரிட்ஜ் காட்டை 1776-லேயே சட்டம் போட்டுக் காப்பாற்றியிருக்கிறார்கள், மழை தவறக்கூடாது என்பதற்காக. மேற்குப் பாதி உலகில் இப்படிச் சட்டத்தால் காக்கப்பட்ட காடுகளில் மிகப் பழையது இது. கில்பின் தடத்தில் ஒரு வழிகாட்டியோடு இரண்டு மணி நேரம் நடந்தால் போதும். தங்குவதற்கு முதல் தடவை போகிறவர்கள் கிரவுன் பாயிண்டை எடுக்கலாம், விமான நிலையத்திலிருந்து கடற்கரைக்கு நடந்தே போகிற தூரம். அமைதி வேண்டுமென்றால் வடகரையில் கஸ்டாரா என்ற மீனவக் கிராமம். டைவிங் செய்கிறவர்களுக்கு ஸ்பேசைட். கடற்கரைகளில் மான்சினீல் என்று ஒரு மரம் உண்டு, சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரிப் பழம். பழமும் விஷம், பாலும் விஷம். மழைக்குக்கூட அதன் அடியில் ஒதுங்காதீர்கள், குழந்தைகளுக்கு முதல் நாளே காட்டிவிடுங்கள்.

பாதுகாப்பு

இதை மறைத்துவிட்டு அழகை மட்டும் எழுத எனக்கு மனம் வரவில்லை. டிரினிடாடில் துப்பாக்கிக் குற்றம் அதிகம். 2024 டிசம்பர் கடைசியில் அவசரநிலை அறிவித்தார்கள், 2025 ஜூலையில் மறுபடி. பெரும்பாலும் கும்பல்களுக்குள் நடக்கும் சண்டை என்றாலும் நாம் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும். போர்ட் ஆஃப் ஸ்பெயினின் மையப் பகுதியில் இருட்டிய பிறகு நடக்க வேண்டாம். லாவன்டில், சீ லாட்ஸ் பக்கம் பகலிலும் வேலை இல்லை. மலை மேல் காட்சி முனைகளில் ஆள் இல்லாத நேரத்தில் வண்டியை நிறுத்த வேண்டாம். இரவில் விடுதிக்காரர்கள் கூப்பிட்டுத் தரும் டாக்சியை மட்டும் எடுங்கள். டொபேகோ இதைவிட அமைதி, ஆனாலும் ஒதுக்குப்புறக் கடற்கரைக்குத் தனியாகப் போவது நல்லதல்ல. டிக்கெட் போடுவதற்கு முன்னால் அன்றைய நிலவரத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாங்கள் நகரத்தில் தங்காமல் செயின்ட் அகஸ்டின் பக்கம், பல்கலைக்கழகத்துக்கு அருகே ஒரு குடும்பம் நடத்தும் விடுதியில் தங்கினோம். விமான நிலையமும் கிட்டம், டபுள்ஸும் கிட்டம். கார்னிவல் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் நகரத்தின் உட்புரூக் பகுதி வசதி.

இன்னொன்று, ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட சட்டை, தொப்பி, பை எதையும் எடுத்துப் போகாதீர்கள். குழந்தைக்குக்கூடக் கூடாது, சட்டப்படி குற்றம்.

எப்போது போவது

ஜனவரியிலிருந்து மே வரை வெயில் காலம், ஜூனிலிருந்து மழை. புயல் பாதையின் தெற்கு ஓரத்தில் இருப்பதால் பெரிய புயல்கள் அபூர்வம். ஆனாலும் 1963-ல் ஃப்ளோரா டொபேகோவைப் புரட்டிப் போட்டிருக்கிறது.

பிப்ரவரி, மார்ச்சில் வரும் கார்னிவலுக்காகப் போவதா, அதைத் தவிர்த்துப் போவதா என்பது பெரிய முடிவு. சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும்தான் அது. 2027-ல் பிப்ரவரி 8, 9. திங்கள் விடியுமுன்னே மண்ணும் சாயமும் பூசிக்கொண்டு ஆடும் 'ஜுவே' என்ற தெரு ஆட்டம் தொடங்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை சவானா மைதானத்தில் ஸ்டீல்பான் இசைக்குழுக்களின் இறுதிப் போட்டி. எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து பிறந்த வாத்தியம் அது. நூறு பேர் சேர்ந்து வாசிக்கிறபோது நெஞ்சுக்குள் அதிர்கிறது. இசைப் பைத்தியம் உள்ளவர்கள் வாழ்நாளில் ஒருமுறை போயே ஆக வேண்டும். ஆனால் அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும், ஆடை அணிந்து ஊர்வலத்தில் ஆடப் பல நூறு அமெரிக்க டாலர் ஆகும், எல்லாவற்றையும் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும். சாம்பல் புதன் அன்று டிரினிடாட்காரர்கள் ஓய்வெடுக்க டொபேகோவுக்குக் கிளம்பிவிடுவார்கள். முதல் பயணத்தில் நாங்களும் அதே நாளில் கிளம்பி, இடம் இல்லாமல் ஒரு நாள் முழுக்க இழந்தோம். ஈஸ்டரிலும் இதே கதைதான்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு நான் சொல்வது மே மாதம். ஆமைகள் முட்டையிட ஏறிக்கொண்டிருக்கும், முன்னால் இட்டவை பொரித்துக் குஞ்சுகளும் கடலுக்கு ஓடும். கூட்டம் இல்லை, வாடகை இறங்கியிருக்கும். மே 30 வரை இருந்தால் முதல் கப்பல் வந்த நாளைக் கொண்டாடுவதையும் பார்க்கலாம்.

தீவு விட்டுத் தீவு

விமானத்தில் 25 நிமிஷம். ஃபெர்ரியில் கப்பலைப் பொறுத்து இரண்டரையிலிருந்து நான்கு மணி நேரம். நாங்கள் போனபோது ஃபெர்ரி கட்டணம் ஒரு வழிக்கு 50 டிரினிடாட் டாலர்தான். விமானம் அதைப்போல் சில மடங்கு. காசை மட்டும் பார்த்து முதல் முறை போகவும் வரவும் ஃபெர்ரி எடுத்தோம். போகும்போது காற்றும் அலையும் எதிரே வருகின்றன. போக்காஸ் நீரிணையைத் தாண்டித் திறந்த கடலுக்கு வந்ததும் கப்பல் தூக்கிப் போட ஆரம்பித்தது. மனைவி இரண்டு மணி நேரம் தலையைத் தூக்கவில்லை. திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது, அதே கடல் எவ்வளவோ சாதுவாக இருந்தது. அதனால் இரண்டாம் முறை விமானத்தில் போய், ஃபெர்ரியில் திரும்பினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள், மேல்தளத்தில் நின்றால் டிரினிடாடின் வடக்கு மலைத்தொடர் முழுவதையும் பார்த்துக்கொண்டே வரலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இரண்டுமே தாமதமாகலாம், ரத்தாகலாம். வெளிநாட்டு விமானம் பிடிக்கும் அதே நாளில் டொபேகோவிலிருந்து கிளம்புவது வேண்டவே வேண்டாம். கடைசி இரவை டிரினிடாடில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

கார் விஷயத்தில் இரண்டு தீவுக்கும் என் பதில் நேர் எதிர். வண்டிகள் நம்மூர் போல இடது பக்கம்தான் ஓடும். ஆனாலும் டிரினிடாடில் காலையும் மாலையும் நெடுஞ்சாலையில் வண்டி நகராது, ஊர்ப்பலகையும் குறைவு. டிரைவரோடு நாள் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். நான்கு பேர் பங்கு போட்டால் வலிக்காது. சின்னத் தூரத்துக்கு மேக்சி டாக்சி இருக்கிறது, வேன்களின் பக்கவாட்டில் ஓடும் பட்டையின் நிறம்தான் வழித்தடம். கிழக்கே போகச் சிவப்பு, மேற்கே மஞ்சள், மத்தி, தெற்குப் பக்கம் பச்சை. டொபேகோவில் டாக்சி விலை அதிகம், பஸ் அபூர்வம், அங்கே நீங்களே ஓட்டுவதுதான் சரி. வடகரை ரோடு செங்குத்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். வாடகைக் காரை எடுக்கும்போது நான்கு பக்கமும் வீடியோ எடுத்து வையுங்கள். ஏற்கனவே இருந்த கீறலுக்கு ஒரு நிறுவனம் எங்களிடம் காசு கேட்டது, வீடியோவைக் காட்டியதும்தான் விட்டார்கள்.

காகிதங்கள்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 90 நாள் வரை விசா தேவையில்லை. திரும்பும் டிக்கெட்டும் தங்கும் விலாசமும் கேட்பார்கள். சிக்கல் வழியில்தான். நியூயார்க், மயாமி வழி என்றால் விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும். டொராண்டோவுக்கும் லண்டனுக்கும் அவரவர் விதி. கையில் எந்த விசா ஏற்கனவே இருக்கிறதோ அந்த வழியே டிக்கெட் போடுவதுதான் செலவைக் குறைக்கும். இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் தூதரகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

பலர் கோட்டை விடுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை. இந்திய அரசின் பட்டியலில் டிரினிடாட் இருக்கிறது, டொபேகோ இல்லை. டிரினிடாடிலிருந்து கிளம்பி ஆறு நாளுக்குள் இந்தியாவில் இறங்கினால் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொண்டோம். அறுபது வயதுக்கு மேல் முதல்முறை போடுவதில் ஆபத்து கூடுதல், முட்டை ஒவ்வாதவர்களுக்கும் ஆகாது. அம்மாவுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் திரும்பும் வழியில் டொராண்டோவில் சித்தப்பா வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு ஊர் வந்தோம். வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இந்த ஒரு வாரத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

டிரினிடாட் டாலரை நாட்டை விட்டு வெளியே மாற்றுவது கஷ்டம், மிச்சம் வைக்காதீர்கள். கடைசி நாள் கிளம்புகிற அவசரத்திலும் கியூரிப் சந்தியில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அம்மா. பர்ஸில் இருந்த சில்லறையை எல்லாம் மேசைமேல் கொட்டி, இதற்கு எத்தனை வருமோ அத்தனை கொடு என்று தமிழிலேயே சொன்னார். ஆறு வந்தது.